ரன்: ஒரே சொல், நூற்றுக்கணக்கான பொருள் – முழுமையான வழிகாட்டி

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒரே ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். அந்தச் சொல் ‘ரன்’. வேலை முடிந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறியிருந்தன. பெயர்ச்சொல்லாக வரும் பொருள்கள் தனிக்கணக்கு. அதே அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடம் பிடித்திருந்தது ‘செட்’ என்ற சொல். அதற்கு 430 பொருள்கள். அந்த இடத்தை ரன் பறித்துக்கொண்டது.

எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். வழக்கொழிந்த பொருள்கள், மாலுமிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் மட்டுமே அறிந்த பொருள்கள் எல்லாம் அதில் அடக்கம். நாளிதழ் படிக்கவும், அலுவலகக் கடிதம் எழுதவும், போட்டித் தேர்வில் விடை குறிக்கவும் எட்டு ஒன்பது பொருட்குடும்பங்கள் போதும்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. நாம் படிக்கும் முறையில்தான் இருக்கிறது. ‘ரன் என்றால் ஓடு’ என்று பள்ளியில் ஒட்டிக்கொண்டது அப்படியே நிற்கிறது. பிறகு தேர்வுக்காக ஓர் ஒத்தசொல் பட்டியலை உருப்போடுகிறோம்: ஸ்பிரின்ட், ஃப்ளோ, மேனேஜ், ஆப்பரேட், ஃப்ளீ. இந்தப் பட்டியலால் காலணாவுக்குப் பயனில்லை. ‘மேனேஜ்’, ‘ஃப்ளீ’ இரண்டும் ரன்னுக்கு ஒத்தசொற்கள்தாம். ஆனால் ஒரு நிறுவனத்தை நிர்வகிப்பவரும் அதைவிட்டுத் தப்பி ஓடுபவரும் ஒன்றா? ஒத்தசொல் என்பது சொல்லுக்கு அமைவதில்லை, பொருளுக்கு அமைவது. முதலில் எந்தப் பொருள் என்று பிரித்தறிய வேண்டும். ஒத்தசொல் தேடுவது அதற்குப் பிறகுதான்.

படி 1: பொருளைப் பிரிக்கும் மூன்று கேள்விகள்

இந்த வேலைக்கு ஆங்கில இலக்கண நூலைத் தேடிப் போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே பலபொருள் ஒருசொல்லை எப்படி இனம் காண்பது என்று வழி சொல்லப்பட்டிருக்கிறது. வினை, இனம், சார்பு ஆகிய மூன்றும் பொருளைக் காட்டிக் கொடுக்கும். சேனாவரையர் தம் உரையில் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக் காட்டுகிறார். ‘மா பூத்தது’ என்றால் பூத்தல் என்ற வினையால் அது மரம். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் பக்கத்தில் நிற்கும் இனமான மருதத்தால் மரம். கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் சூழ்நிலைச் சார்பால் அது குதிரை.

ரன் வினைச்சொல் என்பதால் கேள்விகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்வோம்.

ஒன்று, எழுவாய் எது? மனிதனா, தண்ணீரா, இயந்திரமா, சாலையா, ஒப்பந்தமா?

இரண்டு, பக்கத்தில் நிற்பது என்ன? செயப்படுபொருள் இருக்கிறதா, ‘அவுட்’, ‘இன்டூ’, ‘ஓவர்’ போன்ற ஒட்டுச்சொல் இருக்கிறதா?

மூன்று, யார், எங்கே, எந்தச் சூழலில் சொல்கிறார்?

‘ஹி இஸ் ரன்னிங்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மைதானத்தில் சொன்னால் அவர் ஓடுகிறார். அமெரிக்க நாளிதழில் தேர்தல் பக்கத்தில் வந்தால் அவர் போட்டியிடுகிறார். சொற்கள் மூன்றும் மாறவில்லை. சார்பு மட்டுமே மாறியது. ஆனால் ‘ஹி இஸ் ரன்னிங் எ ஹோட்டல்’ என்று செயப்படுபொருள் வந்துவிட்டால் சூழலைத் தேட வேண்டிய தேவையே இல்லை. அவர் ஹோட்டல் நடத்துகிறார்.

வினைவடிவங்களையும் இங்கேயே முடித்துவிடலாம். நிகழ்காலம் ‘ரன்’, இறந்தகாலம் ‘ரேன்’, முற்றுப்பெற்ற வடிவம் மறுபடியும் ‘ரன்’. ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுவது பரவலான பிழை; ‘ஹேஸ் ரன்’ என்பதே சரி.

படி 2: பொருட்குடும்பங்களும் அவற்றின் ஒத்தசொற்களும்

*காலால் ஓடுவது*

இந்தக் குடும்பத்தில் ஒத்தசொற்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றும் ரன்னோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது. ‘ஜாக்’ என்பது உடற்பயிற்சிக்காக மெதுவாக, சீராக ஓடுவது. ‘ஸ்பிரின்ட்’ என்றால் குறைந்த தொலைவை முழு வேகத்தில் கடப்பது. தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள்தாம் ஸ்பிரின்ட். 42.195 கிலோமீட்டர் மாரத்தானை யாரும் ஸ்பிரின்ட் செய்வதில்லை. கடைசி நூறு மீட்டரில் வேண்டுமானால் செய்யலாம். ‘டேஷ்’ என்பது மழைக்குப் பயந்து கொடியில் காயும் துணியை எடுக்கப் பாய்வது போன்ற சட்டென்ற சிறு ஓட்டம். ‘ரஷ்’ என்பதில் அவசரம்தான் பொருள், ஓடவே வேண்டியதில்லை. நோயாளியை ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்கு ‘ரஷ்’ செய்கிறார்கள்.

‘போல்ட்’ என்றால் மிரண்டு திமிறி ஓடுவது. குதிரைக்கு மிகவும் பொருந்தும். 2009-ல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் கடந்தவரின் குடும்பப் பெயரும் அதுவாக அமைந்தது ஆங்கிலேயப் பத்திரிகைத் தலைப்பாளர்களுக்குக் கிடைத்த புதையல். ‘ஸ்கரி’ எலி, நண்டு போன்றவை குட்டிக் கால்களால் விடுவிடுவென்று ஓடுவது. ‘கேலப்’, ‘டிராட்’ இரண்டும் குதிரை நடையிலிருந்து வந்தவை. முன்னது நாலுகால் பாய்ச்சல், பின்னது மென்னோட்டம்.

‘ஃப்ளீ’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். ஆபத்திலிருந்து தப்பிப்பதுதான் அதன் உயிர், கால் அல்ல. போரிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ தப்பியவர்களுக்கும் அதுதான் சொல். அதன் இறந்தகாலம் ‘ஃப்ளெட்’. ‘ஃப்ளை’ என்பதன் இறந்தகாலமான ‘ஃப்ளூ’வோடு குழப்பிக்கொள்வோர் உண்டு.

*நீராய் ஓடுவது*

இதுவும் முதல் குடும்பத்தைப் போலவே மிகப் பழையது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரென்னன்’ என்றால் ஓடுதல், ‘ரின்னன்’ என்றால் நீர் வழிதல். ஆங்கிலத்தின் ரன் இவ்விரண்டுக்கும் உறவு. அதனால்தான் ஆறு, கண்ணீர், மூக்கு, சாயம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயர் இதே சொல்லை எடுக்கிறார்கள். தமிழில் ஆறும் ரத்தமும் ஓடுகின்றன, கண்ணீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது.

ஒத்தசொற்களை நீரின் அளவை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் ‘ட்ரிப்’, மெல்லிய கோடாகக் கசிந்து வழிந்தால் ‘டிரிக்கிள்’, சீராக ஓடினால் ‘ஃப்ளோ’, கொட்டினால் ‘போர்’, பீறிட்டால் ‘கஷ்’. ‘லீக்’ மட்டும் வேறு வகை. அளவைச் சொல்லாமல், வரக்கூடாத இடத்தில் வருகிறது என்ற குறையைச் சொல்கிறது. நம் ‘ஒழுகு’ இங்கேதான் காலை வாரும். கூரை ஒழுகினால் ‘லீக்’. மூக்கு ஒழுகினால் ரன். இந்திய ஆங்கிலத்தில் ‘ரன்னிங் நோஸ்’ என்கிறோம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘ரன்னி நோஸ்’ என்பார்கள்.

இன்னொரு கண்ணி, துணி. ‘சாயம் போகிறது’ என்று நாம் இரண்டு வேறு நிகழ்வுகளைச் சொல்கிறோம். துணி வெளுத்துப்போனால் அது ‘ஃபேட்’. சிவப்புப் புடவையின் சாயம் இறங்கிப் பக்கத்தில் கிடந்த வெள்ளை வேட்டியில் ஏறினால் அது ரன், அல்லது ‘ப்ளீட்’. ஆயத்த ஆடையின் உள்பக்கச் சீட்டில் சாயம் இறங்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தால் இந்தச் சொற்களில் ஒன்று இருக்கும்.

‘ரன் எ பாத்’ என்றால் குளியல் தொட்டியை நிரப்பக் குழாயைத் திறந்துவிடுவது. வாளியும் குவளையுமாகக் குளிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடாது.

*இயந்திரமும் பேருந்தும்*

இயந்திரம் ஓடினால் ஒத்தசொல் ‘வர்க்’, ‘ஆப்பரேட்’, ‘ஃபங்ஷன்’. இவற்றில் ‘வர்க்’ பேச்சுக்கு, ‘ஃபங்ஷன்’ அறிக்கைக்கு. எந்த எரிபொருளில் ஓடுகிறது என்று சொல்ல ‘ஆன்’ சேர்க்க வேண்டும்: ‘ரன்ஸ் ஆன் டீசல்’. ரயிலும் பேருந்தும் அட்டவணைப்படி வந்துபோவதும் ரன். ‘பஸ்கள் பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடுகின்றன’ என்ற நம் வாக்கியம் சொல் மாறாமல் ஆங்கிலமாகும் அபூர்வ இடம் இது.

கணினியில் நிரலை இயக்குவதும் ரன்தான். அங்கே அதன் அலுவல்முறை ஒத்தசொல் ‘எக்ஸிக்யூட்’. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் திறக்கும் பெட்டியின் பெயரே ரன்.

‘ரன் எ கார்’ என்பதை ‘கார் ஓட்டுவது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ‘டிரைவ்’. பிரிட்டிஷ் வழக்கில் ‘ரன் எ கார்’ என்றால் கார் வைத்திருப்பது; பெட்ரோல், காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் தாங்கிக் காரைக் கட்டி மேய்ப்பது. ‘என் சம்பளத்தில் கார் கட்டுப்படியாகாது’ என்று சொல்ல அதைவிடக் கச்சிதமான சொல் கிடைக்காது.

*நடத்துவது, நிர்வகிப்பது*

கடை, பள்ளி, துறை, நாடு எதை நடத்தினாலும் ரன். நெருங்கிய ஒத்தசொல் ‘மேனேஜ்’. ஆனால் ரன் எளிமையானது, பேச்சுக்கு ஏற்றது. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘மேனேஜ்’ கம்பீரமாக இருக்கும். ‘அட்மினிஸ்டர்’ அரசு வாடை வீசும் சொல். நிதியை, தேர்வை, தடுப்பூசியைக்கூட ‘அட்மினிஸ்டர்’ செய்யலாம், பெட்டிக்கடையைச் செய்ய முடியாது. கூட்டத்தை நடத்தினால் ‘கண்டக்ட்’. தலைமை ஏற்று நடத்தினால் ‘சேர்’. ‘ஓன்’ இந்தக் குடும்பத்தில் சேராது. சொந்தக்காரர் ஒருவராகவும் நடத்துபவர் வேறொருவராகவும் இருக்கலாம்; குத்தகைக்கு எடுத்த கேன்டீன்காரரைக் கேட்டால் வித்தியாசம் சொல்வார்.

*தேர்தல்*

அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார். பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். இந்திய நாளிதழ்கள் ‘கன்டெஸ்ட்’ என்று எழுதுகின்றன. நாமும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்கிறோமே, அது பிரிட்டிஷ் வழக்கோடு ஒத்துப்போகிறது. இலக்கணம் மட்டும் வேறு. ரன்னுக்கும் ஸ்டாண்டுக்கும் பின்னால் ‘ஃபார்’ வேண்டும். ‘கன்டெஸ்ட்’ நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். ‘கன்டெஸ்ட் ஃபார் தி எலெக்‌ஷன்’ என்று எழுதினால் திருத்துபவர் சிவப்பு மை எடுப்பார்.

துணை அதிபர் வேட்பாளரை ‘ரன்னிங் மேட்’ என்பார்கள். பிரான்ஸ் அதிபர் தேர்தலில் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், முதல் இருவருக்குள் நடக்கும் இரண்டாம் சுற்று ‘ரன்-ஆஃப்’.

*நீள்வதும் நீடிப்பதும்*

சாலை, மலைத்தொடர், வேலி ஆகியவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் வரை நீண்டு கிடப்பதும் ரன். ஒத்தசொல் ‘ஸ்ட்ரெச்’, ‘எக்ஸ்டென்ட்’. இங்கே காலம் பார்த்து எழுத வேண்டும்: சாலை எப்போதும் அங்கேதான் கிடக்கிறது என்பதால் எளிய நிகழ்காலமே பொருந்தும். ‘தி ரோட் ரன்ஸ்’ என்பதே இயல்பு. ‘தி ரோட் இஸ் ரன்னிங்’ என்றால் சாலை எழுந்து ஓடுவதுபோல் ஆகிவிடும்.

காலத்தில் நீடிப்பதற்கும் இதே சொல். குத்தகை ஐந்தாண்டு ‘ரன்’ ஆகும். படம் நூறு நாள் ‘ரன்’ ஆகும். ஒத்தசொல் ‘லாஸ்ட்’, ‘கன்டின்யூ’. லண்டனில் 1952-ல் மேடையேறிய ஒரு துப்பறியும் நாடகம், கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் நிறுத்தப்படும்வரை தொடர்ந்து நடந்து, 2021-ல் மீண்டும் தொடங்கியது. அதைப் பற்றி எழுதுபவர்கள் ‘லாங்கஸ்ட் ரன்’ என்று எழுதுவது இந்தப் பொருளில்தான்.

*ஆபத்து, காய்ச்சல், கடத்தல்*

சில செயப்படுபொருள்கள் ரன்னோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டவை. ‘ரன் எ ரிஸ்க்’, ‘டேக் எ ரிஸ்க்’ இரண்டும் ஒன்று என்று பல கையேடுகள் சொல்லும். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் சாயல் வேறு. ‘டேக்’ என்றால் தெரிந்தே துணிவது. ‘ரன்’ என்றால் ஆபத்துக்கு ஆளாகும் நிலையில் இருப்பது. ஹெல்மெட் இல்லாமல் போகிறவர் ‘ரன்’ செய்கிறார். இருக்கிற வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குபவர் ‘டேக்’ செய்கிறார்.

‘ரன் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரன் எ ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் போவது. நம் ஊரில் ‘ஜம்ப்’ என்போம். ஆயுதம், சாராயம் போன்றவற்றோடு சேர்ந்தால் ரன் என்பது ‘ஸ்மகிள்’. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கடல்வழியே சரக்குக் கடத்தியவர்களுக்கு ‘ரம் ரன்னர்’ என்றே பெயர்.

செய்தித்தாள் ஒரு செய்தியை அல்லது விளம்பரத்தை ‘ரன்’ செய்தால் வெளியிடுகிறது. ஒத்தசொல் ‘பப்ளிஷ்’, ‘கேரி’.

*ஆகிவிடுதல்*

‘ரன் டிரை’, ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’, ‘ரன் லேட்’, ‘ரன் வைல்ட்’, ‘ரன் ஹை’. இங்கே ரன்னுக்குத் தனிப்பொருள் இல்லை. பின்னால் வரும் பண்புச்சொல்லின் நிலைக்கு வருகிறது என்று மட்டுமே பொருள். கிணறு வற்றுகிறது, கையிருப்பு குறைகிறது, தாமதமாகிறது, கட்டுமீறுகிறது, உணர்ச்சி கொந்தளிக்கிறது. இந்தத் தொடர்களில் ரன்னை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு சொல் நடுவது பெரும்பாலும் பலிக்காது. முழுத் தொடருக்கும் சேர்த்தே மாற்று தேட வேண்டும்: ‘ரன் டிரை’க்கு ‘டிரை அப்’ என்பதுபோல.

படி 3: ஒட்டுச்சொல் வந்தால் புதுச்சொல் என்று கொள்க

ரன்னுக்குப் பின்னால் வரும் சிறுசொல்லைத் தனியாகப் பிரித்து மொழிபெயர்க்க முயல்பவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகப் பாருங்கள்.

‘ரன் அவுட்’: தீர்ந்துபோவது. சர்க்கரை எழுவாயானால் ‘ஷுகர் ஹேஸ் ரன் அவுட்’. வீட்டுக்காரர் எழுவாயானால் ‘ஆஃப்’ சேர்ந்து ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்’. இந்த ‘ஆஃப்’பை விட்டால் வீட்டுக்காரர்கள் வெளியே ஓடிவிட்டார்கள் என்று ஆகிவிடும். கடவுச்சீட்டு, ஒப்பந்தம் ஆகியவை ‘ரன் அவுட்’ ஆனால் காலாவதி, ஒத்தசொல் ‘எக்ஸ்பயர்’. கிரிக்கெட்டில் என்ன பொருள் என்பதை எந்தத் தமிழ் வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை.

‘ரன் இன்டூ’ நான்கு திசையில் போகும். நண்பரை என்றால் தற்செயலாகச் சந்திப்பது. சுவரை என்றால் மோதுவது. கோடிகளை என்றால் அந்த அளவை எட்டுவது. சிக்கலை ‘ரன் இன்டூ’ செய்தால் எதிர்கொள்வது, ஒத்தசொல் ‘என்கவுன்டர்’. இந்தியாவில் அந்த ஒத்தசொல்லுக்குக் காவல்துறைப் பொருள் முன்னால் வந்து நிற்பதால், கடிதத்தில் ‘ஃபேஸ்’ என்று எழுதிவிடுவது நிம்மதி.

‘ரன் ஓவர்’ என்றால் வாகனம் ஏற்றுவது. கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டுவது. ‘ரன் த்ரூ’ என்றால் ஒத்திகை பார்ப்பது, அல்லது மேலோட்டமாக ஒருமுறை பார்த்துவிடுவது. அப்பன் சொத்தைக் கரைப்பதற்கும் அதே சொல். ‘ரன் டவுன்’ என்றால் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது, பேட்டரி இறங்குவது. பண்புச்சொல்லானால் பாழடைந்த கட்டடமும் அது, உடல் தளர்ந்த மனிதரும் அது. ‘ரன் அப்’ என்றால் கடனை ஏற்றிக்கொள்வது, கொடியேற்றுவது, தையல் மெஷினில் ஓர் உடையை அவசரமாகத் தைத்துவிடுவது.

அலுவலகங்களில் ‘ரன் இட் பை ஹிம்’ என்ற தொடர் அடிக்கடி வரும். முடிவெடுக்கும் முன் அவர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள் என்று பொருள். ஒப்புதல் வாங்கச் சொல்லவில்லை, கருத்துக் கேட்கச் சொல்கிறார். இதை ‘அப்ரூவல்’ என்று புரிந்துகொண்டு கையெழுத்துக்குக் கோப்பு அனுப்பினால் வேலை ஒரு வாரம் தள்ளிப்போகும்.

‘ரன் அவே’, ‘ரன் ஆஃப்’, ‘ரன் ஆஃப்டர்’ ஆகியவை எளியவை: தப்பி ஓடு, ஓடிப்போ, துரத்து. இருவர் காதலித்து ஓடிப்போனால் ‘எலோப்’ என்று ஒரே சொல் இருக்கிறது.

படி 4: பெயர்ச்சொல்லாக வரும்போது

கிரிக்கெட்டில் எடுக்கும் ரன்னை விட்டுவிடுவோம். வங்கியோடு ‘ரன்’ சேர்ந்தால், அங்கே பணம் போட்டவர்கள் நம்பிக்கை இழந்து ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன. செய்தித்தாள்கள் அதை ‘பேங்க் ரன்’ என்றே எழுதின. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நடந்தபோது, பெரும்பகுதிப் பணம் இணையத்தின் வழியாகவே வெளியேறியது. கால் நோகாத ஓட்டம். பெயர் மட்டும் மாறவில்லை.

‘டிரையல் ரன்’, ‘டிரை ரன்’ இரண்டும் வெள்ளோட்டம். ‘பிரின்ட் ரன்’ என்றால் ஒரு தடவையில் அச்சிடும் பிரதிகளின் எண்ணிக்கை. ‘ஸ்கூல் ரன்’ என்றால் பிரிட்டனில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட்டுக் கூட்டிவரும் தினப்படி. ‘சிக்கன் ரன்’ கோழிகள் உலவ விடும் கம்பிவலை அடைப்பு. ‘இன் தி லாங் ரன்’ காலப்போக்கில். ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாள் ஓடியது என்று பொருளல்ல, தொடர்ந்து மூன்று நாள். ‘தி ரன்ஸ்’ என்று பன்மையில் ‘தி’ சேர்த்துச் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை. பேச்சு வழக்கில் அது வயிற்றுப்போக்கு. ஸ்கோர் கேட்பவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

படி 5: நம் ‘ஓடு’ இழுத்துவிடும் பள்ளங்கள்

தமிழ் ‘ஓடு’ சோம்பலான சொல் அல்ல. படம், கடிகாரம், கடை, காலம், புத்தி எல்லாம் ஓடும். அதனாலேயே அப்படியே ரன் போட்டுவிடத் தோன்றும். சில இடத்தில் பலிக்கும், சில இடத்தில் கவிழ்க்கும்.

‘படம் நூறு நாள் ஓடியது’ சரியாக வரும். ‘படம் ஓடவில்லை’ என்றால் நாம் சொல்வது தோல்வி. அதற்கு ‘ஃப்ளாப்ட்’ அல்லது ‘டிட் நாட் டூ வெல்’ வேண்டும். ரன் போட்டால் திரையிடவே இல்லை என்று படிப்பவர் நினைப்பார்.

‘கடிகாரம் ஓடவில்லை’ என்பதற்கு ‘ஸ்டாப்ட்’ போதும். ஆனால் ஐந்து நிமிடம் பிந்தி ஓடினால் ‘ரன்னிங் ஸ்லோ’ சரிதான்.

‘கடை நன்றாக ஓடுகிறது’ என்றால் வியாபாரம் நன்று; ‘டூயிங் வெல்’. ‘ரன்னிங் வெல்’ என்றால் நிர்வாகம் சிக்கலில்லாமல் நடக்கிறது என்ற வேறு பொருள் தொனிக்கும்.

‘நாட்கள் ஓடுகின்றன’ என்பதில் ஆங்கிலத்தில் காலம் பறக்கிறது: ‘ஃப்ளை’. ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்றால் நேரம் முடியப்போகிறது என்ற எச்சரிக்கை. ‘ஒன்றும் ஓடவில்லை’ என்று தலையைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு ரன்னில் இடமே கிடையாது. ‘ஐ கான்ட் திங்க்’ என்பதே வழி.

எதிர்த்திசையிலும் இதே தொல்லை உண்டு. ‘இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி’ என்றால் குடும்பத்தில் ஓடுவதல்ல. சர்க்கரை நோயோ பாட்டுக் குரலோ பரம்பரையாக வருவது. தமிழில் ‘அது எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். நோயைச் சொல்லும்போது மட்டும் அந்த வாக்கியம் பொருந்தாது.

படி 6: அகராதியைக் கையாளும் முறை

எல்லா அகராதிகளும் பொருள்களை ஒரே வரிசையில் தருவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் பேரகராதியும் மெரியம்-வெப்ஸ்டரும் வரலாற்று வரிசையைப் பின்பற்றுகின்றன. பழைய பொருள் முதலில் நிற்கும். அங்கே முதலில் இருப்பதால் அதுதான் முதன்மைப் பொருள் என்று கொள்வது தவறு. கற்போருக்கான அகராதிகள் இன்றைய புழக்கத்தைப் பார்த்து அடுக்குகின்றன. ரன் போன்ற நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வழிகாட்டிச் சொல் ஒன்றும் இருக்கும்: இயந்திரம், நீர், வணிகம் என்பதுபோல. படி 1-ல் கேட்ட மூன்று கேள்விகளுக்கு விடை கையில் இருந்தால், இந்த வழிகாட்டிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே கண்ணோட்டிப் பொருந்தும் இடத்தில் நிறுத்தலாம்.

ஒத்தசொல் களஞ்சியத்தைத் திறப்பது அதன் பிறகு. பீட்டர் மார்க் ரோஜே 1852-ல் வெளியிட்ட களஞ்சியம் அகரவரிசையில் இல்லை. கருத்து வாரியாக அமைந்தது. அதில் ரன் ஓரிடத்தில் இல்லை, பல கருத்துகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கும். நம் திவாகர நிகண்டும் அப்படித்தான்: தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள் வகையால் பத்துத் தொகுதிகளில் ஒத்தசொற்களைத் தொகுத்துவிட்டு, ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கென்று பதினோராம் தொகுதியைத் தனியே ஒதுக்குகிறது. இந்த இரண்டையும் பிரித்து வைத்த பழையவர்களின் தெளிவு இன்றைய இணையத்து ஒத்தசொல் பக்கங்களில் பலவற்றுக்கு இல்லை. அவை எல்லாப் பொருளுக்கும் உரிய சொற்களை ஒரே குவியலாகக் கொட்டிவிடுகின்றன.

குவியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் நேராக வாக்கியத்தில் வைக்காதீர்கள். அதையும் அகராதியில் பார்த்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அதன் எழுவாயும் செயப்படுபொருளும் உங்கள் வாக்கியத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ரன்னையே விட்டுவைக்கலாம். ஒரே சொல் இரண்டு தடவை வருவது குற்றமல்ல. தவறான சொல் ஒரு தடவை வருவது குற்றம்.

பயிற்சி

கீழுள்ளவற்றில் ரன்னுக்குப் பதில் எந்த ஆங்கிலச் சொல் பொருந்தும் என்று முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள்.

அ. என் அக்கா ஒரு தையலகத்தை ‘ரன்’ செய்கிறார்.
ஆ. புதுச் சட்டையின் நீலம் ‘ரன்’ ஆகிவிட்டது.
இ. வேலி ஆற்றங்கரை வரை ‘ரன்’ ஆகிறது.
ஈ. என் ஓட்டுநர் உரிமம் மார்ச்சில் ‘ரன் அவுட்’ ஆகிறது.
உ. அவர் மேயர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார்.
ஊ. நேற்றுச் சந்தையில் பழைய ஆசிரியரை ‘ரன் இன்டூ’ செய்தேன்.

விடைகள்: அ-வுக்கு ‘மேனேஜ்’, தையலகம் அவருடையதே என்று தெரியாதவரை ‘ஓன்’ கூடாது. ஆ-வுக்கு ‘ப்ளீட்’, சட்டை வெளுத்ததாகச் சொல்ல விரும்பினால் வாக்கியமே மாற வேண்டும். இ-க்கு ‘எக்ஸ்டென்ட்’ அல்லது ‘ஸ்ட்ரெச்’. ஈ-க்கு ‘எக்ஸ்பயர்’. உ-வுக்கு லண்டன் வாசகருக்கானால் ‘ஸ்டாண்ட்’, பின்னால் ‘ஃபார்’ அப்படியே நிற்கட்டும். ‘கன்டெஸ்ட்’ போட்டால் அந்த ‘ஃபார்’ விழுந்துவிட வேண்டும். ஊ-வுக்கு ‘மெட்’ மட்டும் போட்டால் தற்செயல் காணாமல் போகும். ‘பை சான்ஸ்’ சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ‘பம்ப்ட் இன்டூ’.